சோற்றுப் பெயர்

அண்ணனை நாற்காலியோடு சேர்த்து வாசற்படி இறக்குவதற்குள் தோவாவுக்கு அன்றைய நாளே முடிந்துபோன மாதிரி இருந்தது. மணி ஆறரைதான். ஆறாம் மாதத்து வெயில் ஹுவே நகரத்தில் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை. விடியும்போதே முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹனோயிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்கப் பன்னிரண்டு பேர் வந்து ஓட்டலில் காத்திருந்தார்கள். காலையில் அரண்மனை, மத்தியானம் மன்னர் கல்லறை, நடுவில் சாப்பாடு. வழிகாட்டி வேலையில் பதினேழு வருடமாக அதே நடை, அதே பேச்சு, அதே முழங்கால் வலி. இன்றைக்குக் கூடுதலாக ஒரு சக்கர நாற்காலி.

"ஞன்," என்றான் நாற்காலியிலிருந்து வியென்.

"தெரியும், தெரியும். வாயை மூடிட்டு வா."

அவன் இடது கையால் தன் வாயில் பட்டென்று அடித்துக்கொண்டான். அதுவும் வழக்கம்தான். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, அறுபத்தொரு வருடம் பேசிய பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஞன் என்றால் மோதிரம். பசித்தாலும் மோதிரம், கொசு கடித்தாலும் மோதிரம், டிவியில் கால்பந்து ஓடினாலும் மோதிரம். சொன்ன கையோடு வாயில் ஓர் அடி. கேட்டுக் கேட்டுத் தோவாவுக்குக் காது புளித்துவிட்டது.

சந்து முனையில் காப்பிக் கடை வைத்திருக்கும் சோவான் அக்கா அவர்களைப் பார்த்ததும் கரண்டியை நீட்டினாள்.

"என்ன மோதிரக்கார அண்ணே, காலங்காத்தால மாப்பிள்ளை ஊர்வலமா?"

"ஞன்!"

"பாத்தியா, பேரைச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் எப்படி மாறுது!"

சந்தில் இப்போது அவனை வியென் என்று யாரும் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட ஞன் மாமா, ஞன் மாமா என்றுதான் கத்திவிட்டு ஓடும். அவனும் ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொள்வான். பிள்ளைகளுக்கு அது இன்னும் வேடிக்கை.

சோவான் குரலைத் தணித்தாள். "நாளைக்கு உங்கம்மா திதி இல்லே? பேரு கெடைச்சுதா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

"கெடைக்கலேன்னா?"

தோவா நாற்காலியைத் தள்ளினாள்.

பேரு என்று சோவான் கேட்டது அம்மா வாழ்ந்தபோது இருந்த பெயரை அல்ல. அது ஊருக்கே தெரியும். சாகப் போகிற நேரத்தில் புதிதாக ஒரு பெயர் வைப்பார்கள், சோற்றுப் பெயர். போகிறவருக்குத் தெரியும், மூத்த மகனுக்குத் தெரியும், வீட்டின் அடுப்படித் தெய்வத்துக்குத் தெரியும். நான்காவது காதுக்குப் போகக் கூடாது. திதியன்று படையல் வைத்ததும் மகன் அந்தப் பெயரை உதட்டுக்குள் மூன்று தடவை சொல்லிக் கூப்பிடுவான். அடுப்படித் தெய்வம் வாசலில் நின்று அந்தப் பெயருக்கு உரியவரை மட்டும் உள்ளே விடும். வீதியில் பசியோடு அலையும் நாதியற்ற ஆவிகள் சோற்றில் கை வைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பெயர் தவறினால் பெற்ற தாயாக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

தோவாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், உண்டு என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அம்மா வாசலில் நிற்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரமாகவே இறங்கவில்லை.

எல்லா வழியும் பார்த்தாயிற்று. வியெனின் இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள். கோழி கிளறிய மாதிரி நாலு கோடு வந்தது. பெண்களுக்கு வைக்கிற நல்ல பெயர்களாகப் பதினெட்டு எழுதி ஒவ்வொன்றாக வாசித்தாள். இதுவா என்றால் ஞன். அதுவா என்றால் ஞன். அப்புறம் வாயில் அடி. பதினோராவது பெயரோடு தாளைக் கிழித்துப் போட்டாள். மிச்சம் இருந்தது ஒரே இடம். வியென் முப்பது வருடம் மன்னர் கல்லறையில் வாசல் காவலனாக இருந்தவன். அங்கே காவல் அறையில் அவனுடைய இரும்புப் பெட்டி இன்னும் பூட்டியே கிடந்தது. சாவி போன வாரம்தான் ஒரு பழைய சட்டைப் பையில் அகப்பட்டது. எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் அதில்தான் இருக்க வேண்டும். அவனைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணும் கல்யாணத்துக்கு டாநாங் போய்விட்டாள். ஆகவே அண்ணனும் வேலையும் ஒரே வண்டியில்.

ஹனோய்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் குவாங் என்று ஒரு நெட்டைக் கிழவர், சும்மா இருக்கத் தெரியாதவர். அரண்மனைத் தெற்கு வாசலில் தோவா மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு நாற்காலியின் பின்பிடியைத் தானே வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா, நீங்க விருந்தாளி."

"முப்பத்தஞ்சு வருஷம் மூட்டை தள்ளினவன்மா நான். இவர் என்ன, பதிவுத் தபால் மாதிரி லேசா இருக்காரு." நாற்காலிக்குக் குனிந்தார். "அண்ணே, நடு வாசல் வழியாப் போலாமா? ராஜாவுக்கு மட்டும்தானாமே?"

"ஞன்," என்றான் வியென்.

"அதுவும் சரிதான்," என்று குவாங் பக்கத்து வாசலுக்குத் திருப்பினார்.

உள்ளே கல்தளம் கொதித்தது. தோவா கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அரியணை மண்டபம், படம் எடுக்கக் கூடாது. வெண்கலக் குடங்கள் ஒன்பது, எண்ணிப் பார்க்கலாம். அவள் வாய் பேசிக்கொண்டே இருந்தது; மனம் இரும்புப் பெட்டியில் இருந்தது. சிவப்பு உடை வாடகைக்கு எடுத்து மகாராணி வேஷம் போட்ட இளம்பெண்கள் விசிறியோடு குறுக்கே வந்து நின்றார்கள். எப்போதும் ஒரு சிரிப்புச் சிரித்து ஒதுங்குகிறவள் இன்றைக்கு, "நகருங்கம்மா, செத்தவங்களைப் பாக்கப் போறவங்களுக்கு வழி விடுங்க," என்றாள். தபால்காரர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மன்னர்களின் கோயிலில் பீடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பீடத்திலும் செத்த மன்னருக்கு ஒரு முழ நீளப் பெயர். உயிரோடு இருந்தபோது வைத்த பெயரை எவரும் உச்சரிக்கக் கூடாது என்று சட்டமே இருந்ததை அவள் சொன்னாள். ஒரு ராணியின் பெயர் பூ என்று வந்துவிட்டதால் ஊரே பூவுக்கு வேறு சொல் தேடிக்கொண்டது. இன்றைக்கும் ஹுவேயில் அந்தப் பழக்கம் போகவில்லை.

"இந்த நீளத்துக்குப் பேர் வெச்சா உறையிலே முகவரிக்கு ஏதும்மா இடம்?" என்றார் குவாங்.

தோவாவுக்கு என்னவோ தோன்றியது. "ஐயா, பேரே இல்லாத கடிதம் வந்தா என்ன செய்வீங்க?"

"பேரே இல்லாமலா? கொஞ்ச காலம் வெச்சிருப்போம். யாராச்சும் வந்து கேப்பாங்களான்னு பாப்போம். அப்புறம் எரிச்சிடறதுதான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லே. வெயில்."

"ஞன்," என்றான் வியென், மன்னர்களுக்கு எதிரிலேயே. அப்புறம் வாயில் அடித்துக்கொண்டான். தோவா அவனை முறைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி கல்லறைகள் இருக்கும் பைன் மரக் குன்றுகளை நோக்கிப் போயிற்று. தபால்காரர்கள் மாட்டிறைச்சி நூடுல்ஸை மூக்கு ஒழுகத் தின்றுவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்து தூங்கினார்கள். தோவாவுக்குக் கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை. பக்கத்தில் வியென் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மெதுவாக, யாருக்கோ சொல்வதுபோல, மோதிரம் மோதிரம் என்று முனகிக்கொண்டே வந்தான்.

அந்த மோதிரக் கதை யாருக்கும் தெரியாது. அம்மா செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது; அதற்கு முன் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருடமும் தூக்கித் துடைத்து ஊட்டியவள் தோவாதான். கல்யாணமாகிப் போய் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவளுக்கு வேறு வேலை என்ன என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது காது சுத்தமாகப் போயிருந்தது. காது போனவர்களுக்குக் குரல் கூடிவிடும். அம்மா ரகசியம் சொன்னால் சந்து முனைவரை கேட்கும். அதனால்தான் சோற்றுப் பெயர் வைக்கிற நேரம் வந்ததும் வியென் அவளைச் சந்து முனைக்கும் அந்தப் பக்கம் அனுப்பினான்.

"இஞ்சி வாங்கிட்டு வா. நான் கை காட்டற வரைக்கும் உள்ளே வராதே."

வேகாத வெயிலில் கையில் இஞ்சியோடு அரை மணி நேரம் நின்றாள். பீத்துணி அலச ஆகிறவள் பெயரைக் கேட்க ஆகாதவளா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

ஆனால் அன்றைக்கு விடியற்காலையில் வேறொன்று நடந்திருந்தது. அம்மா தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்து மூடி, அண்ணன் படுத்திருந்த பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, உதட்டில் விரல் வைத்தாள். சொல்லாதே. அடக்கத்தின்போது வியென், "அம்மா மோதிரம் எங்கே?" என்று கேட்டான். "விரல் இளைச்சுப்போச்சே, எங்கேயாச்சும் கழண்டு விழுந்திருக்கும்," என்றாள் தோவா. அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினான். அவன் தேடுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவேயில்லை.

மோதிரத்தை அவள் ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை. பக்கவாதம் வந்த மறுநாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை விற்றாள். மூன்றாம் நாள் அவன் கண் திறந்தான். திறந்து சொன்ன முதல் சொல், ஞன்.

 தெரிந்திருக்கிறது, பதினெட்டு வருடமாகத் தெரிந்தே வைத்திருந்திருக்கிறான் என்று தோவா நினைத்தாள். வாயில் அடித்துக்கொள்வதும் அதற்குத்தான். நான் வெளியே சொல்ல மாட்டேன் பார் என்று குத்திக் காட்டுகிறான். "சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சும், சிலருக்கு ஒண்ணு ரெண்டு மூணு மட்டும் மிஞ்சும். அர்த்தம் தேடாதீங்கம்மா," என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. உன் உயிருக்காகத்தானே விற்றேன் பாவி என்று ஒருநாள் கத்திவிடத் தோன்றும். கத்தினால் கதை முழுக்க வெளியே வந்துவிடும். வாயை மூடு என்று மட்டும் சொல்வாள். ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்லறை வாசலில் வியெனுக்குப் பதிலாக வந்த டாங் ஓடிவந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டான். "அண்ணே! நீங்க இல்லாம இங்கே மன்னருக்குத் தூக்கமே இல்லே!" வியென் பாதி முகத்தால் சிரித்தான்.

தபால்காரர்களை ஏரிக்கரை மண்டபத்தில் படம் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டுத் தோவா காவல் அறைக்குப் போனாள். பூட்டு துருப்பிடித்திருந்தது, டாங் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டித் திறந்தான். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கம்பி ஒடிந்த குடை. தலைவலித் தைல டப்பா. ஒரு நோட்டுப் புத்தகம். அவள் அதைத்தான் முதலில் எடுத்தாள். விரித்தால், பக்கம் பக்கமாகக் கால்பந்து ஆட்டங்களின் கோல்கள். எந்த ஊர் எந்த ஊரை எத்தனைக்கு அடித்தது என்று முப்பது வருடம். கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். மனித ஜன்மத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை.

"என்னக்கா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லே டாங். மூடிடு."

அறைப் படியில் உட்கார்ந்தாள். அழக்கூட அலுப்பாக இருந்தது. நாளைக்குப் படையல் வைக்கலாம். அத்திக்காய் பிசையலாம், பன்றிக்கறி வேகவைக்கலாம், அம்மாவுக்குப் பிடித்த மிளகு போட்ட கெண்டைக் குழம்பும் கொதிக்கவைக்கலாம். யாரைக் கூப்பிடுவது? அம்மா தன் வீட்டு வாசலில், காதும் கேட்காமல், ஊர் ஆவிகளோடு வரிசையில் நிற்கப் போகிறாள். பீத்துணி அலசிய மகள் உள்ளே இருந்துகொண்டு வாசலைப் பார்க்கப் போகிறாள்.

"கைடம்மா! அடுத்தது எங்கே?" என்று ஏரிக்கரையிலிருந்து சத்தம் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மன்னரின் கோயிலுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. நாற்காலியை ஒரு பக்கம் டாங்கும் மறு பக்கம் குவாங்கும் தூக்கினார்கள். தோவா பின்னால் ஏறிக்கொண்டே தன் பாடத்தை ஒப்பித்தாள்: இந்த மன்னர் தம் கல்லறையைத் தாமே கட்டிக்கொண்டார், தம் குறைகளைத் தாமே கல்லில் எழுதினார், இங்குள்ள வாசல், ஏரி, மண்டபம், நாடகக் கொட்டகை எல்லாவற்றுக்கும் பணிவு என்ற ஒரே சொல்லை வைத்துப் பெயர் சூட்டினார்.

"எல்லாத்துக்கும் ஒரே சொல்லா?" குவாங் பாதிப் படியில் நாற்காலியை இறக்கிவைத்து நெற்றி வியர்வையை வழித்தார். "நம்ம அண்ணன் மாதிரியே. ஏன் அண்ணே, இன்னும் எத்தனை படி?"

"ஞன்."

"கேட்டீங்களா! காலையிலேருந்து இவர் ஒருத்தர்தான் உருப்படியாப் பேசறாரு. பொறுமை, பொறுமைங்கறாரு."

தோவா நின்றாள். "அவர் சொல்றது அது இல்லே ஐயா. மோதிரம்."

"மோதிரமா? கல்லறையிலே எவனுக்கும்மா வேணும் மோதிரம்?" குவாங் சிரித்தார். "நான் பொறுமைன்னுதான் எடுத்துக்கிட்டேன். எங்க சித்தி பேரே ஞன்தான். எங்க பக்கம் பொம்பளைங்களுக்கு வைக்கிற பேருதானே அது."

இரண்டுக்கும் ஒரே ஒலிதான். மோதிரத்துக்கும் ஞன், பொறுத்துக்கொள்வதற்கும் ஞன். மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். தோவாவுக்குத் தெரியாதா? ஆனால் மோதிரத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தவளுக்கு ஐந்து மாதமாக மோதிரம் மட்டும்தான் காதில் விழுந்தது. பெயர்ப் பட்டியல் எழுதிய அன்றைக்கும் பதினெட்டுப் பெயரில் இந்த ஒரு பெயரை அவள் கை எழுதவில்லை. எப்படி எழுதும்?

அவள் அடுத்த படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே கோயில் இருட்டாகவும் குளுமையாகவும் இருந்தது. பீடத்தில் யாரோ கொளுத்திய ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. புகை முகத்தில் பட்டதும் வியென் நிமிர்ந்தான். இடது கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோனான். சேர்ந்துகொள்ள வலது கை வரவில்லை. தலையைத் தாழ்த்தினான்.

"ஞன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஞன்." இன்னும் கொஞ்சம். "ஞன்."

மூன்று தடவை. அந்த நிறுத்தங்களைத் தோவாவுக்குத் தெரியும். பதினேழு திதிக்கு அவனுக்குப் பின்னால் தட்டோடு நின்று அவள் பார்த்ததெல்லாம் அந்த முதுகைத்தான்; மூன்று தலைத் தாழ்த்தல், நடுவில் இரண்டு மூச்சு. உதடு மட்டும் அசைந்த பெயரை இப்போது அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். உதட்டுக்குள் அடக்கிச் சொல்ல அவனால் முடியவில்லை. சொல்லி முடித்ததும், ஐயோ என்று வாயில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினான்.

தோவா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். முழங்கால் வலியில் உயிர் போயிற்று.

"அண்ணே. அம்மா பேரா?"

அவன் அவளைப் பார்த்தான். கண்கள் இரண்டிலும் சமமாகத் தண்ணீர் வந்தது. தலையை ஆட்டினான், ஆட்டினான், நிறுத்தவேயில்லை.

அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவன் சொல்லியிருக்கிறான். பென்சிலை நீட்டியபோது சொன்னான், பட்டியல் வாசித்தபோது பதினோரு தடவை சொன்னான். நான்காவது காதுக்குப் போகக் கூடாத பெயர்தான் அவனுக்கு மிஞ்சிய ஒரே பேச்சாக இருந்தது. காப்பிக் கடையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், அரண்மனை வாசலில், தன்னை மீறி அதைக் கொட்டிவிட்டு, கொட்டியதற்காகத் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளோ வாயை மூடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ரெண்டு பேரும் அழறீங்க?" குவாங் பதறிப்போனார். "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லே ஐயா. ஒரு கடிதம் வந்து சேர்ந்துச்சு," என்றாள் தோவா. அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் தபால்காரர் அல்லவா, சந்தோஷப்பட்டார்.

திரும்பும் வழியில் தபால்காரர்கள் இளநீர்க் கடையில் மொய்த்தபோது, அவள் ஏரிக்கரையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாமரை இலைகள் வெயிலில் ஓரம் கருகிக் கிடந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னாள்.

"அம்மா மோதிரம் தொலையலே. எங்கிட்டே குடுத்துட்டுப் போனா. உங்கிட்டே சொல்லாதேன்னா. நீ கட்டிலுக்கு அடியிலே தேடினே பாரு, அப்பவும் என் மடியிலேதான் இருந்துச்சு. உனக்கு முடியாமப் போனதும் வித்துட்டேன். நீ அதைத்தான் கேக்கறேன்னு நெனைச்சு... எத்தனை தடவை உன்மேலே எரிஞ்சு விழுந்தேன்."

வியென் வாயைத் திறந்தபடி பார்த்தான். அவனுக்கு அது செய்தி. இத்தனை வருடத்தில் அவனுக்குத் தெரியவே தெரியாது. மெதுவாக இடது கையை நீட்டி அவளுடைய வெறும் விரலைத் தொட்டான்.

"ஞன்?" என்றான். முதல்முறையாக, கேள்வியாக.

"ஆமா. அந்த ஞன்."

அவன் சிரித்தான். பாதி முகம்தான், ஆனால் வயிறு குலுங்கச் சிரித்தான். வாயில் அடித்துக்கொள்ள மறந்துபோனான். தோவாவுக்கும் சிரிப்பு வந்தது. அசதியில் வருகிற, நிறுத்த முடியாத சிரிப்பு. அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ரகசியத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுமந்தது இவர்கள்.

மறுநாள் காலையில் தோவா பெரிய பானையை இறக்கினாள். ஒரு தட்டுப் படையலுக்கு எதற்கு இவ்வளவு அரிசி என்று காப்பியோடு எட்டிப் பார்த்த சோவான் கேட்டாள்.

"பேரு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு அக்கா. தெருவிலே திரியறதெல்லாம் கேட்டுட்டு வந்து நிக்கும். வந்ததை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?"

"எந்தப் பேரு?"

தோவா சொன்னாள். சோவானின் கையில் இருந்த தம்ளர் சாய்ந்து காப்பி தரையில் கொட்டியது. "அடிப் பாவி! நான்... ஐயையோ, தினம் தினம் உங்கம்மாவை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூப்பிட்டேனா?" அவள் கடைக்கு ஓடிப்போய், அங்கிருந்த வாழைப்பழச் சீப்பு முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் ஒரு பாயை விரித்துச் சோறும் கஞ்சியும் பழமும் வைத்தார்கள், பெயர் கேட்டு வரும் எல்லாருக்கும். உள்ளே அம்மாவின் படத்துக்கு முன்னால் கெண்டைக் குழம்பு ஆவி பறந்தது. தோவா ஊதுபத்தியைக் கொளுத்தி அண்ணனின் இடது கையில் கொடுத்தாள். இந்தத் தடவை பின்னால் நிற்கவில்லை. அவன் வலது கையைத் தூக்கி இடது கையோடு சேர்த்துப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

வியென் தயங்கினான். வாசலைப் பார்த்தான். அங்கே சோவான் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். உதட்டுக்குள் சொல்லப் பார்த்தான், வரவில்லை. அவமானத்தோடு தங்கையைப் பார்த்தான்.

"சத்தமாவே கூப்பிடு அண்ணே," என்றாள் தோவா. "பதினேழு வருஷமா உதட்டுக்குள்ளேயே கூப்பிட்டே. அம்மாவுக்குத்தான் காது கேக்காதே."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்புறம் மூச்சை இழுத்து, சந்து முனை வரைக்கும், அதற்கும் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டான். மூன்று தடவை. தோவா குனிந்து, அம்மாவின் கிண்ணத்தில் முதலில் மீனை வைத்தாள்.